தலைவர்களே, சீட்டு கேட்டது போதும்

மலேசிய இந்தியர்களாகிய நம் கட்சித் தலைவர்களுக்கும் இயக்கத் தலைவர்களுக்கும், டத்தோ, டத்தோஸ்ரீ, ஒய்பி, அண்ணன் என்று எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிற எல்லாருக்கும் வணக்கம். தேர்தலுக்குத் தேர்தல் கூடுதல் சீட்டு, அதாவது போட்டியிடக் கூடுதல் தொகுதி, கேட்பதை விட்டுவிட்டு, வாக்குகளை இடங்களாக மாற்றுகிற முறையையே மாற்றச் சொல்லிக் கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் பினாங்கு பெருநிலத்தில், செபராங் ஜெயாவில் ஓர் அடுக்குமாடியில் இருப்பவள். பிறையில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. ஆனால் மூன்று பொதுத் தேர்தல்களில் வாக்கு எண்ணும் முகவராக, அதாவது நாம் வாயில் சொல்கிற பாக்காவாக, உட்கார்ந்திருக்கிறேன். மூன்றும் ஒரே கட்சிக்காக இல்லை என்பதையும் இங்கேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். தெரிந்தவர்கள் கூப்பிட்டார்கள், மத்தியானம் நாசி கண்டார் பொட்டலம் வந்தது, எனக்கும் எண்ணுகிற வேலை பிடிக்கும், போனேன். என் அரசியல் அனுபவம் அவ்வளவுதான். அதனால் இதைப் பெரிய ஆராய்ச்சி என்று நினைத்துப் பயப்பட வேண்டாம், இவளுக்கு என்ன தெரியும் என்று தூக்கிப் போட்டுவிடவும் வேண்டாம். கணக்கு எழுதிப் பிழைக்கிறவளுக்குக் கணக்கு உதைத்தால் தெரிந்துவிடும்.

2022 நவம்பர் 19, சனிக்கிழமை. பெர்மாத்தாங் பாவ் தொகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு இடம். இளையவர்கள் வாக்களிக்கிற கடைசி சாலூரான்களில், அதாவது வாக்களிப்பு அறைகளில், ஒன்று. மாலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள், பெட்டியை மேசைமேல் கவிழ்த்தார்கள். வாக்குச்சாவடித் தலைவராக இருந்த ஆசிரியை ஒவ்வொரு சீட்டாக விரித்து, எங்கள் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டி, சின்னத்தைச் சொல்லி, அந்தந்தக் குவியலில் வைத்துக்கொண்டே போனார். ஐம்பது சேர்ந்ததும் ஒரு ரப்பர் பேண்டு. ஒரு சீட்டில் யாரோ சிரித்த முகம் வரைந்திருந்தார்கள். அது செல்லாது என்று ஒதுக்கியபோது அந்த ஆசிரியைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

என் பக்கத்தில் வேறு ஒரு வேட்பாளருக்காக வந்திருந்த பையன். இருபது வயது இருக்கும். வாக்களிக்கும் வயது 18 ஆன பிறகு வந்த முதல் பொதுத் தேர்தல் அது, அவனுக்கும் முதல் தேர்தல். எல்லாம் எண்ணி முடித்துக் கட்டுகளை வரிசையாக வைத்தபோது பார்த்தான்: முதலில் வந்தவரின் கட்டுகள் ஒரு பக்கம், மற்றவர்களுடையதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அதைவிட உயரம். மெதுவாகக் கேட்டான், "அக்கா, இந்தக் கட்டெல்லாம் எங்கக்கா போகும்?" உறையில் போட்டு முத்திரை வைத்து எடுத்துப் போய்விடுவார்கள் தம்பி என்றேன். "அது தெரியும்க்கா. இதுக்கு என்ன மதிப்புன்னு கேட்டேன்."

நான் வாக்கு எண்ணிக்கையை எழுதும் பாரம் 14-இல் எண்களைச் சரிபார்ப்பது மாதிரி குனிந்துகொண்டேன். தொகுதி முழுக்கக் கூட்டியபோதும் அதே கதைதான். 1982 முதல் அன்வார் குடும்பத்தின் கையிலேயே இருந்த அந்தத் தொகுதி பெரிக்காத்தான் கூட்டணியின் கைக்குப் போனது, வென்றவருக்கு விழுந்த வாக்கு பாதியைத் தொடவில்லை. அவர்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, விதிப்படி ஜெயித்தார். என் குறை அந்த விதிமேல். அந்தப் பையனுக்கு அன்றைக்குச் சொல்லாத பதிலைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

பிரிட்டிஷ்காரன் விட்டுப் போன முறை நம்முடையது. ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர். யாருக்கு ஒரு வாக்கு கூடுதலோ தொகுதி முழுக்க அவருக்கு, மற்ற வாக்கெல்லாம் சாக்கில். இரண்டு பேர் மோதுகிற காலத்தில் இது பெரிதாக உறுத்தாது. நாலு பேர், ஐந்து பேர் நின்றால் முப்பத்தைந்து விழுக்காட்டிலேயே ஒருவர் மாலையைப் போட்டுக்கொண்டு போய்விடலாம். 2022-இல் 222 இடத்துக்கு 945 பேர் நின்றார்கள். கோலாலம்பூரில் பத்து தொகுதியில் மட்டும் பத்துப் பேர். (பத்துக்குப் பத்து என்று அந்த வாரம் முழுக்க மாமாக் கடையில் ஒரே சிரிப்பு.)

இந்த முறை ஒரு கட்சிக்கு மட்டும் சாதகம் என்று நான் சொல்லவில்லை. 2004-இல் அப்போது ஆட்சியிலிருந்த தேசிய முன்னணிக் கூட்டணிக்கு நூற்றுக்கு 64 பேர் வாக்களித்தார்கள், கிடைத்தது 219-இல் 198 இடம், அதாவது பத்துக்கு ஒன்பது. 2013-இல் எதிரணிக்கு 50.87 விழுக்காடு வாக்கு, 89 இடம். தேசிய முன்னணிக்கு 47.38 விழுக்காடு, 133 இடம். அதிக வாக்கு வாங்கியவர் எதிர்க்கட்சி வரிசையில், குறைந்த வாக்கு வாங்கியவர் புத்ராஜெயாவில், ஆட்சியில். அப்போது கறுப்புச் சட்டை போட்டு எத்தனை பேர் கூட்டத்துக்குப் போனோம், ஞாபகம் இருக்கும். அப்புறம் 2022-இல் சக்கரம் சுற்றிவிட்டது. அதே தேசிய முன்னணி 22 விழுக்காட்டுக்குச் சற்று மேல் வாக்கு வாங்கி 30 இடத்தோடு நின்றது; சரவாக்கின் ஜி.பி.எஸ். கூட்டணி நாலு விழுக்காடு அளவு வாக்கு வாங்கி 23 இடத்தைப் பிடித்தது. ஐந்து மடங்கு வாக்கு வித்தியாசம், ஏழே இடம் வித்தியாசம். ஒரே வருடத்தில், ஒரே நாட்டில், ஒரே மாதிரி வாக்குச்சீட்டில்.

எப்படி? சரவாக்குக்காரர்களின் வாக்கு ஓரிடத்தில் குவிந்திருக்கிறது. தேசிய முன்னணியின் வாக்கு ஊர் ஊராகச் சிதறி, எல்லா இடத்திலும் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வந்தது. இந்த முறைக்கு எத்தனை பேர் என்பது இரண்டாம் பட்சம், எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. இதை மட்டும் கொஞ்சம் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், ஏனென்றால் இந்த நாட்டில் நம்மைவிடச் சிதறிக் கிடக்கிற கூட்டம் வேறு யார்?

நான் நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். லயம், பால் கொட்டாய், மாரியம்மன் கோயில், ஒரு பக்கம் ஓடை, எல்லாருக்கும் தெரிந்த படம்தான். தோட்டம் கைமாறியது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. என்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களில் ஒருத்தி சிம்பாங் அம்பாட், ஒருத்தி சுங்கை பட்டாணி, இரண்டு பேர் கிள்ளான், ஒருவன் ஜொகூர் பாருவிலிருந்து தினமும் விடியற்காலை பாலம் தாண்டி சிங்கப்பூர் போய் வருகிறான். இப்போது எங்கள் தோட்டம் வாட்ஸ்அப் குழுவில் மட்டும்தான் இருக்கிறது. அந்தக் குழுவில் இருக்கிற வாக்குகளை ஒன்றாகச் சேர்த்தால் ஒரு கிராமத்தையே அசைக்கலாம். ஆனால் அவை எத்தனை தொகுதியில் கிடக்கின்றன என்று ஒருநாள் எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

நாட்டில் இந்தியர் பெரும்பான்மையாக இருக்கிற நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூடக் கிடையாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடிமக்களில் நாம் 6.7 விழுக்காடு. தலை எண்ணிப் பார்த்தால் மக்களவையில் நம்மவர் அந்த விகிதத்துக்குப் பெரிதாகக் குறைந்துவிடவில்லை என்பது உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவர்களில் ஒவ்வொருவரும் அங்கே எப்படிப் போனார்கள்? மேலே இருக்கிற யாரோ ஒருவர் "இந்த முறை இந்தத் தொகுதி உங்களுக்கு" என்று கொடுத்ததால். ம.இ.கா. (மலேசிய இந்திய காங்கிரஸ்) என்றாலும் சரி, பல இனக் கட்சி என்று சொல்லிக்கொள்கிற மற்றவை என்றாலும் சரி, இதில் வித்தியாசம் கிடையாது. கொடுத்த கைக்கு எடுக்கவும் தெரியும். வேட்புமனுத் தாக்கலுக்கு முந்தின வாரம் உங்கள் முகங்களைப் பார்த்திருக்கிறேன், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் மாதிரி. அப்படிப் போன ஒருவர் கோயில் நில விவகாரத்திலோ குடியுரிமை கிடைக்காதவர்களின் சிவப்பு அடையாள அட்டை விவகாரத்திலோ எவ்வளவு தூரம் வாயைத் திறப்பார்?

இது இன்றைக்கு வந்த பழக்கமும் இல்லை. 1955-இல் மலாயாவின் முதல் பொதுத் தேர்தலில் கூட்டணிக் கட்சி 52 இடங்களை மலாய்க்காரர்களின் அம்னோவுக்கு 35, சீனர்களின் ம.சீ.ச.வுக்கு 15, ம.இ.கா.வுக்கு 2 என்று பிரித்துக்கொண்டது, 51-இல் ஜெயித்தது. அன்றைய வாக்காளர் பட்டியலில் நம்மவர் மிகக் குறைவு, அதனால் அந்த இரண்டே பெருந்தன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பெருந்தன்மையை எழுபது வருடமாக முறையாகவே வைத்துக்கொண்டிருக்கிறோம். 2022-இல் ம.இ.கா.வுக்குக் கிடைத்தது பத்து தொகுதி, வென்றது தாப்பா ஒன்று. ஆனாலும் அடுத்த தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம் உங்கள் மாநாட்டுத் தீர்மானத்தில் முதல் வரி என்ன? கூடுதல் சீட்டு. ஒரு முறையாவது எண்ணுகிற முறையைப் பற்றி ஒரு தீர்மானம் வந்திருக்கிறதா? நான் பார்க்கவில்லை.

"தீர்மானிக்கும் சக்தி" என்று ஒரு சொல் வைத்திருக்கிறீர்கள். அறுபது தொகுதியில் நாம்தான் தீர்மானிக்கும் சக்தி, எழுபது தொகுதியில் நாம்தான், மேடைக்கு மேடை எண்ணிக்கை ஏறும். அது முழுப் பொய்யும் இல்லை. இரண்டு பெரிய கூட்டம் சரிசமமாக நிற்கும் இடத்தில் நாம் சாய்கிற பக்கம் ஜெயிக்கும். 2007 நவம்பரில் இந்தியர் உரிமை கேட்ட ஹிண்ட்ராப் பேரணிக்குப் போனவர்கள் 2008 மார்ச் தேர்தலில் அதைக் காட்டினார்கள். ஆனால் அந்தச் சக்தியால் ஒருவரைத் தோற்கடிக்க முடியும், நமக்கு வேண்டிய ஒருவரை அனுப்ப முடியாது. தீவுப் பக்கம் எப்படியும் ஒரே கட்சி ஜெயிக்கிற தொகுதியில் இருக்கிற என் அண்ணன் வாக்குக்கும், திரெங்கானுவில் வேலை பார்க்கிற என் மைத்துனர் வாக்குக்கும் அந்தச் சக்தியும் கிடையாது. அவர்களைத் தேடி யாரும் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை.

சரி, வேறு எங்கேயாவது பார்ப்போம். இதற்கு ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை, இலங்கை போதும்.

1977-இல் இலங்கையும் நம் மாதிரியேதான் எண்ணியது. ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிட்டத்தட்ட 51 விழுக்காடு வாக்கு, 168-இல் 140 இடம். ஆறில் ஐந்து பங்கு! ஸ்ரீமாவோவின் சுதந்திரக் கட்சிக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு வாக்கு, வெறும் 8 இடம். தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு ஏழு விழுக்காட்டுக்கும் கீழே, 18 இடம். அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். மறுபடியும் படித்துப் பாருங்கள்: முப்பது விழுக்காட்டுக்கு எட்டு, ஏழுக்கும் குறைவானதற்குப் பதினெட்டு. வடக்கிலும் கிழக்கிலும் தமிழர் குவிந்திருந்தார்கள், சுதந்திரக் கட்சி வாக்கு நாடெங்கும் பரவிக் கிடந்தது, வேறு காரணம் இல்லை. ஏறக்குறைய நம் அளவு விழுக்காடு அங்கே எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தது. இங்கே துணையமைச்சர் பட்டியலில் நம்மவர் பெயர் வருமா என்று இரவு எட்டு மணிச் செய்தி பார்க்கிறோம்.

அதே தேர்தலில் மலையகத் தமிழர் கதைதான் எனக்கு இன்னும் முக்கியம், ஏனென்றால் அவர்கள் நம் மாதிரி தோட்டத்து ஜனம். நுவரெலியா–மஸ்கெலியா என்று மூன்று உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிற ஒரு தொகுதி இருந்தது. காமினி திசாநாயக்க, அனுர பண்டாரநாயக்க, மூன்றாவதாகத் தொண்டமான். அது ஒற்றை உறுப்பினர் தொகுதியாக இருந்தால் மூன்றாவதாக வந்தவர் வீட்டுக்குப் போயிருப்பார். தோட்டத் தொழிலாளியில் பாதிப் பேருக்குமேல் குடியுரிமைச் சிக்கலில் கிடந்த காலத்தில் அவர்களுக்கென்று பேச நாடாளுமன்றத்தில் ஒருவர் இருந்தார் என்றால், அந்தத் தொகுதியில் நாற்காலி ஒன்றுக்குப் பதில் மூன்று இருந்ததால்தான்.

அந்த ஆறில் ஐந்து பங்கை வைத்துக்கொண்டு ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் ஜெயவர்தனா அடுத்த வருடமே புதிய அரசியலமைப்பு எழுதினார், தன்னை நிறைவேற்று அதிகார ஜனாதிபதி ஆக்கிக்கொண்டார், 1982-இல் பொதுத் தேர்தல் நடத்தாமல் சர்வஜன வாக்கெடுப்பு ஒன்றை வைத்து நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டினார். அதன் பிறகு அந்த மண்ணில் நடந்தது எல்லாம் எண்ணும் முறையால் என்று சொன்னால் அது பைத்தியக்காரத்தனம். ஆனால் பாதி வாக்குக்கு முழு நாட்டையும் தூக்கிக் கொடுக்கிற ஒரு கணக்கு அதற்குக் கதவு திறந்து விட்டது என்று சொல்லத் தயங்க மாட்டேன். வேடிக்கை என்னவென்றால் விகிதாச்சார முறையைக் கொண்டுவந்ததும் அதே 1978 அரசியலமைப்புதான்.

விகிதாச்சாரம் என்றால் பயந்துவிடாதீர்கள். நூற்றுக்கு இத்தனை வாக்கு வாங்கினால் நூற்றுக்கு ஏறக்குறைய அத்தனை இடம், அவ்வளவுதான். முழுக்க அப்படியே மாற வேண்டும் என்றும் இல்லை. நியூசிலாந்து நம்மை மாதிரியே பிரிட்டிஷ் முறையில் இருந்த நாடு. 1978-இலும் 1981-இலும் அடுத்தடுத்துக் குறைந்த வாக்கு வாங்கிய கட்சியே ஆட்சியில் உட்கார்ந்தது. ஜனங்கள் முகம் சுளித்தார்கள், அரசாங்கம் விசாரணை ஆணையம் வைத்தது, 1993-இல் வாக்கெடுப்பு நடத்தி மாற்றிக்கொண்டார்கள், 1996 முதல் கலப்பு முறை. ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, இன்னொன்று கட்சிக்கு. தொகுதியில் ஜெயித்த இடங்களோடு பட்டியலிலிருந்து ஆட்களைச் சேர்த்து, கட்சி வாக்கு விகிதத்துக்குச் சரிக்கட்டிவிடுவார்கள். தொகுதி ஒய்பியும், அதாவது தொகுதி உறுப்பினரும், இருப்பார், சிதறிய வாக்கும் வீண்போகாது. வானம் இடிந்து விழவில்லை. 2011-இல் இந்த முறையே இருக்கட்டுமா என்று மறுபடியும் கேட்டபோது பெரும்பாலானவர்கள் இருக்கட்டும் என்றார்கள்.

சிங்கப்பூரைப் பார், குழுத்தொகுதி வைத்து ஒவ்வோர் அணியிலும் சிறுபான்மையினர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று 1988 முதல் செய்திருக்கிறார்கள், அது நமக்கு ஒத்து வராதா என்று உங்களில் ஒருவர் ஒரு கூட்டத்தில் கேட்டார். நல்ல கேள்விதான். ஆள் நிச்சயம் உள்ளே போவார். ஆனால் அணியில் யார் என்பதைக் கட்சிதான் முடிவு செய்யும், அணி ஜெயித்தால் அத்தனை இடமும் ஒரே கட்சிக்கு. சீட்டு கேட்கிற நம் பழக்கத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். எனக்கு வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவில் முழுக்க விகிதாச்சாரம். டர்பன் பக்கத்து இந்தியர்களை நம்பிய மைனாரிட்டி ஃபிரண்ட் என்ற சின்னக் கட்சி 2004-இல் 0.35 விழுக்காடு வாக்குக்கு 400-இல் 2 இடம் வாங்கியது. இரண்டு பேர் போய் என்ன கிழித்தார்கள் என்று கேட்பீர்கள். நியாயம். எனக்கும் இன்னோர் இந்தியர் கட்சி வேண்டும் என்ற ஆசையெல்லாம் இல்லை, இருப்பதே போதும், கொஞ்சம் அதிகம்கூட. நான் சொல்வது இதுதான்: பட்டியல் வாக்கு வந்துவிட்டால் பெர்லிஸில் இருக்கிற பத்து வீட்டு வாக்கும் கிள்ளானில் இருக்கிற ஆயிரம் வீட்டு வாக்கும் ஒரே உண்டியலில் விழும். திரெங்கானு மைத்துனர் வாக்குக்கும் பெர்மாத்தாங் பாவில் என் வாக்குக்கும் ஒரே எடை. பெரிய கட்சிகள் எல்லாம், மலாய்க்காரர் கட்சி உட்பட, நம்மை நாலு தொகுதியில் மட்டும் தேடாமல் நாடு முழுக்கத் தேட வேண்டி வரும். தேடி வருகிறவரிடம் நிபந்தனை வைக்கலாம். கொடுக்கிறவரிடம் எப்படி வைப்பது?

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், காலம் அப்படி வந்து நிற்கிறது. தீபகற்பத்தின் தொகுதி எல்லைகளைக் கடைசியாக மாற்றியது 2018 மார்ச்சில். ஒரு மறுசீரமைப்புக்கும் அடுத்ததற்கும் எட்டு வருடமாவது இடைவெளி வேண்டும் என்பது அரசியலமைப்பு. அந்தக் கெடு 2026 மார்ச் வரைதான். இன்னொரு பக்கம் சபாவும் சரவாக்கும் மூன்றில் ஒரு பங்கு இடம் கேட்கின்றன. கேட்பதில் நியாயம் இருக்கிறது. 1963-இல் மலேசியா உருவானபோது 159 இடத்தில் சபாவுக்கு 16, சரவாக்குக்கு 24, சிங்கப்பூருக்கு 15, மூன்றும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல். சிங்கப்பூர் போன பிறகு அந்தப் பங்கு சுருங்கிவிட்டது. லாபுவானைச் சேர்த்தாலும் இப்போது 222-இல் 57. அந்தக் கோரிக்கையை நிறைவேற்ற அரசியலமைப்பின் 46-ஆவது விதியைத் திறக்க வேண்டும், மக்களவையில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 148 பேர் கை தூக்க வேண்டும். ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர்தான் என்று கட்டிப்போட்டிருப்பது 116-ஆவது விதி. 46-ஐத் திறக்கிற அன்றைக்கே 116-ஐயும் திறக்கச் சொல்லுங்கள் என்பதுதான் இந்தக் கடிதத்தின் சாரம். கூட்டப்போகிற இடங்களில் ஒரு பகுதி பட்டியல் வழியாக வரட்டும். ஒரு பேச்சுக்கு அறுபது இடம் என்று வைத்துக்கொண்டால் நாட்டின் மொத்த வாக்கில் 1.7 விழுக்காட்டுக்கு ஓர் இடம். நாம் எத்தனை விழுக்காடு? கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லை மாற்றும்போது நம் ஆள் தொகுதியை உடைத்துவிட்டார்கள், மாற்றான் தொகுதியில் சேர்த்துவிட்டார்கள் என்று தேர்தல் ஆணையமான எஸ்.பி.ஆர். அலுவலகத்துக்கு ஆட்சேபக் கடிதம் எழுதுவதில் மட்டும் இந்த முறையும் காலத்தைக் கழித்துவிடாதீர்கள். அது தேவை, வேண்டாம் என்று சொல்லவில்லை. 2022-இல் பாங்கி தொகுதியில் 303,430 வாக்காளர்கள், சரவாக்கின் இகான் தொகுதியில் 28,290 பேர். அங்கே ஒருவர் வாக்கு இங்கே பத்துப் பேர் வாக்குக்குச் சமம். சுதந்திரம் வாங்கியபோது ஒரு தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்று வரம்பு இருந்தது. 1962-இல் தளர்த்தினார்கள், 1973-இல் எடுத்தே விட்டார்கள். நகரத்துக்காரர்களாக மாறிவிட்ட நமக்கு இதிலும் அடிதான். ஆனால் கோட்டை எங்கே போட்டாலும் கோட்டுக்குள் ஒருவர்தான் ஜெயிப்பார் என்ற விதி இருக்கிறவரை, சிதறிக் கிடக்கிறவனுக்கு எந்தக் கோடும் உதவாது.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும், என் வீட்டுக்காரரே எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் சொல்லி முடித்துவிட்டார். விகிதாச்சாரம் வந்தால் ஆட்சி நிலைக்காது என்றார். 2018 மே முதல் 2022 நவம்பர் வரை எத்தனை பிரதமர் என்று கேட்டேன். மகாதீர், முகைதீன், இஸ்மாயில் சப்ரி, அன்வார் என்று விரல்விட்டு எண்ணிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். இருக்கிற முறையிலேயே நாலு பேர்!

இரண்டாவது, பட்டியலில் யார் முதல், யார் கடைசி என்று எழுதுவதும் அதே கட்சித் தலைவர்தானே, அப்புறம் என்ன மாற்றம் என்றார். இது கனமான கேள்வி, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. வாக்காளரே பட்டியலில் ஆளைத் தேர்ந்தெடுக்கிற வழி உண்டு. இலங்கையில் விருப்பு வாக்கு என்று அதைத்தான் செய்கிறார்கள், அதனால் ஒரே கட்சிக்காரர்கள் ஒருவர் சுவரொட்டியை ஒருவர் கிழிக்கிற கூத்தும் நடக்கிறது. அந்தக் கூத்தை நான் பொறுத்துக்கொள்வேன். இன்றைக்கு ஒருவர் அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்வதைத் தெருவில் பத்துப் பேர் சண்டை போட்டு முடிவு செய்தால் எனக்கு அது முன்னேற்றம்தான்.

மூன்றாவது, தொகுதி ஒய்பி இல்லாவிட்டால் வீட்டுப் பின்னால் கால்வாய் அடைத்துக்கொண்டால் யாரிடம் போவது. கலப்பு முறையில் தொகுதி ஒய்பி இருக்கவே இருப்பார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் கேட்கிறேன், கால்வாய்க்கும் நாடாளுமன்றத்துக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் புளோக் பின்னால் ஒரு கால்வாய் நாலு மாதம் நாறியது. ஓர் ஒய்பியின் சேவை மையத்துக்கு மூன்று தடவை போனேன், படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன், நீல நிறத்தில் இரண்டு கோடு விழுந்தது, அதற்குமேல் ஒன்றும் விழவில்லை. சட்டம் எழுதத் தேர்ந்தெடுத்தவரைக் கால்வாய் தூர்வார வைத்துவிட்டு, சட்டம் எழுதும்போது எங்கே போனார் என்று கேட்கிறோம்.

கால்வாய்க்கு ஆள் ஊராட்சி மன்ற உறுப்பினர். அவரை ஒரு காலத்தில் நாம்தான் தேர்ந்தெடுத்தோம், அதுவும் நம் பினாங்கில். ஜார்ஜ் டவுன் 1957-இல் மாநகரான பிறகு அதன் மேயராக வந்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? தொழிற்கட்சியின் டி.எஸ். இராமநாதன், நம்மவர். சீனர் பெரும்பான்மையான நகரத்தில் எந்த இனக் கோட்டாவும் இல்லாமல் வந்தவர். ஸ்காட் சாலைக்கு இப்போது அவர் பெயர்தான், அந்தச் சாலையில் போகிற நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரியும் என்று நான் கேட்க விரும்பவில்லை. 1965-இல் ஊராட்சித் தேர்தலை நிறுத்தினார்கள், இன்றுவரை நியமனம்தான். பினாங்கு மாநில அரசு மீட்டெடுக்கப் பார்த்தது, 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. அந்த நியமனத்திலும் இத்தனை இடம் நமக்கு என்று வரிசையில் நிற்கிறோம். பார்த்தீர்களா, எங்கே போனாலும் இதே வரிசை.

தேர்தல் சீர்திருத்தக் குழு ஒன்று 2018-இல் அமைத்தார்கள், 2020-இல் அறிக்கையும் கொடுத்தார்கள், விகிதாச்சார முறையைப் பற்றிய பேச்சு அதிலேயே இருந்தது. ஆக, இது நான் கனவில் கண்டது இல்லை. தேர்தல் சீர்திருத்தம் கேட்கிற பெர்சே இயக்கத்துக்காரர்கள் பேசுகிறார்கள், பல்கலைக்கழகத்தில் பேசுகிறார்கள். இதனால் ஆக அதிகமாகப் பயன் பெறக்கூடிய நம் கூட்டத்தில்தான் ஒருவரும் பேசுவதில்லை.

அடுத்த முறை பிரதமரைப் பார்க்கப் போகும்போது மகஜர் கொடுப்பீர்கள். தமிழ்ப்பள்ளி, கோயில் நிலம், இந்தியர்களுக்கான மித்ரா ஒதுக்கீடு, அரசாங்க வேலை, எல்லாம் இருக்கும், இருக்கட்டும். கூடுதல் சீட்டு என்ற பத்தியை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் 46-ஆவது விதியையும் 116-ஆவது விதியையும் பற்றி அரைப் பக்கம் எழுதுங்கள். சபா, சரவாக் கட்சிகளிடம் முன்கூட்டியே போய்ப் பேசுங்கள், அவர்களுக்கு 148 வேண்டும், அந்த 148-இல் நம்மவர் வாக்கும் இருக்கிறது. எழுதுவதற்கு ஆள் இல்லை என்றால் சொல்லியனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் நான் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன், மடிக்கணினியில் தமிழும் மலாயும் தட்டச்சு செய்வேன், கணக்கில் பிழை வராது.

இப்படிக்கு,
செபராங் ஜெயாவிலிருந்து ஒரு பாக்கா